நாலு பேருக்கும் ஒரே நம்பர்

எங்கள் தெருவில் என் அண்ணனுக்குப் பெயர் பேஜர். இடுப்பில் மாட்டிக்கொண்டால் யாராவது கூப்பிடும்போது பீப் என்று கத்துகிற பேஜர் என்கிற சாமானே உலகத்தில் ஒழிந்துபோய், அதைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள் பிறந்து மீசை முளைத்த பிறகும் அந்தப் பெயர் மட்டும் ஒழியவில்லை. முடிவெட்டுகிறவர், "என்ன பேஜரே, பாதித் தலையில எந்திரிச்சு ஓடிட மாட்டீங்களே?" என்று கேட்டுவிட்டுத்தான் துணியைப் போர்த்துவார். அவர் கேட்டதில் தப்பில்லை. ஒருமுறை அண்ணன் அப்படித்தான் ஓடினான். ஒரு காதுப் பக்கம் வெட்டியும் மறு காதுப் பக்கம் வெட்டாமலும் சாயங்காலம் வரை ஊரைச் சுற்றிவிட்டு வீட்டுக்கு வந்தான். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை.

அவன் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நகரத்தில் எத்தனை வீடு இருக்கிறதோ அத்தனை வீட்டுக் கழிவுநீரும் குழாய் வழியாக ஓடி, பள்ளமான இடங்களில் கிணறு போல ஆழமாக வெட்டிய தொட்டிகளில் வந்து சேரும். அங்கிருந்து மோட்டார் வைத்து இறைத்துத் தள்ள வேண்டும். தள்ளாவிட்டால் வந்த வழியே திரும்பி அவரவர் குளியலறையில் எட்டிப் பார்க்கும். அந்த மோட்டார்களைப் பார்த்துக்கொள்கிற ஆபரேட்டர் என் அண்ணன். நிலையங்கள் பல இடங்களில் இருந்தன. ஆட்கள் கொஞ்சம் பேர். எல்லா இடத்திலும் ஆளை உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்க நிர்வாகத்துக்கு மனசு வருமா? சுவரில் ஆளுக்குப் பதிலாக ஒரு பெட்டியை மாட்டினார்கள். மோட்டார் நின்றாலும், தண்ணீர் ஏறினாலும், மின்சாரம் போனாலும் அந்தப் பெட்டி தானாகவே ஆளைக் கூப்பிடும். முன்பு பேஜரில் கூப்பிட்டது. பிறகு போனில் கூப்பிட்டது.

பேஜர் காலத்தில்தான் அண்ணனுக்குக் கல்யாணம் நடந்தது. கல்யாண போட்டோவில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறோம். மாப்பிள்ளை மட்டும் குனிந்து தன் இடுப்பைப் பார்க்கிறான். அண்ணி அந்தப் போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறாள். வீட்டுக்கு வருகிறவர்கள், "மாப்பிள்ளைக்கு ரொம்ப வெக்கமோ?" என்று கேட்பார்கள். "வெக்கமாவது ஒண்ணாவது, மூணாவது மோட்டார் நின்னுபோச்சு" என்பாள் அண்ணி.

அவன் தங்கை நான், அதே வீட்டின் கீழ்ப்பகுதியில் தையல்கடை வைத்திருக்கிறேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்குக் காரணம் என் வாய்தான் என்று அண்ணன் சொல்வான். இருக்கலாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவனுக்கு வரவே வராது. ஒரே தாய் வயிற்றில் பிறந்த இரண்டு பேருக்கு வரவேண்டிய கோபம் மொத்தத்தையும் நானே எடுத்துக்கொண்டேன் போலிருக்கிறது. அதில் கால்வாசியாவது அவனிடம் இருந்திருந்தால் இதை எழுதுகிற வேலை எனக்கு வந்திருக்காது.

போன் வந்தபோது பெட்டிக்குக் குரலும் வந்துவிட்டது. சளி பிடித்த மாதிரி ஒரு பெண் குரல். எந்த நிலையம், என்ன கோளாறு என்று இரண்டு முறை சொல்லிவிட்டு, பதிலுக்காகக் காத்திருப்பாள். உடனே ஒன்பதை அழுத்த வேண்டும். அழுத்தினால், ஆள் பொறுப்பேற்றுக்கொண்டான் என்று பெட்டி அடங்கிவிடும். எந்த எண்ணை அழுத்துவது என்று அவள் வாயைத் திறந்து சொல்ல மாட்டாள். நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அண்ணி அவளுக்கு மூத்தாள் என்று பெயர் வைத்தாள். சாப்பிடும்போது போன் அடித்தால், "போங்க, மூத்தாள் கூப்பிடறா. இளையவ தட்டை மூடி வைக்கறேன்" என்பாள். ஆரம்பத்தில் அது வேடிக்கைப் பேச்சாகத்தான் இருந்தது. போகப்போக அந்த வேடிக்கை வற்றிவிட்டது. பேச்சு மட்டும் மிச்சமாக நின்றது.

இப்போது நாலு எண் கதைக்கு வருகிறேன். அந்தப் பெட்டிக்குள் நாலு போன் எண்களைப் போட்டு வைத்திருப்பார்கள். முதல் எண்ணுக்கு அடிக்கும். எடுக்கவில்லையென்றால் இரண்டாவது ஆளுக்கு அடிக்கும். அவரும் எடுக்காவிட்டால் மூன்றாவது, பிறகு நாலாவது. நாலு பேரும் கைவிட்டால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஒருவன் குளித்துக்கொண்டிருந்தாலும் இன்னொருவன் கையில் போன் இருக்கும் என்கிற யோசனை. நல்ல யோசனைதான், நான் குறை சொல்லவில்லை. முதல் எண் என் அண்ணனுடையது. இரண்டாவது எலக்ட்ரீஷியனுடையது. மூன்றாவது ஃபிட்டருடையது. சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பதால் அவரை எல்லோரும் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். நாலாவது சூப்பர்வைசருடையது.

முதலில் வந்தவர் எலக்ட்ரீஷியன். மனைவி பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இருந்தாள். "பேஜரண்ணே, வார்டுல போன் அடிச்சா நர்சம்மா கத்தறாங்க. ரெண்டு நாளைக்கு என் இடத்துல உங்க நம்பரைப் போட்டுடுங்க" என்றார். அண்ணன் போட்டான். குழந்தை பிறந்தது, தவழ்ந்தது, நடந்தது, புத்தகப்பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடமும் போனது. அந்த இரண்டு நாள் மட்டும் முடியவே இல்லை.

அடுத்து கண்ணாடிக்குக் கண்ணில் ஆபரேஷன். போன் வெளிச்சம் ஆகாது என்று டாக்டர் சொன்னாராம். அவர் இடத்திலும் அண்ணன் எண் ஏறியது. கண் சரியாகி, அவர் வீட்டில் பெரிய டிவி வாங்கிச் சாயங்காலமெல்லாம் அதன் முன்னால் உட்கார்ந்தார். எண் மட்டும் திரும்பிப் போகவில்லை.

சூப்பர்வைசர் சாக்குக்கூடத் தேடவில்லை. "மீட்டிங்ல இருக்கும்போது அடிக்குதுப்பா. எப்படியும் நான் எடுத்து உனக்குத்தானே போன் பண்ணப்போறேன்? நேரா உனக்கே வந்துட்டா ஒரு வேலை மிச்சம்" என்றார். இதைக் கேட்டுவிட்டு, "சார் சொல்றதும் சரிதானே?" என்று என்னிடமே வந்து சொன்னான் என் அண்ணன். இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவார்கள் என்பார்கள். இங்கே யாரும் பிடுங்கக்கூட இல்லை. இவனே சாவியை எடுத்துக்கொண்டு போய்க் கையில் கொடுத்துவிட்டு வந்தான்.

ஆமாம், எண்ணை மாற்றியது அவன் கைதான். பெட்டியைத் திறந்து எண் மாற்ற ஒரு பாஸ்வேர்டு வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள மற்றவர்களுக்குப் பொறுமையில்லை. "பேஜருக்குத் தெரியும்" என்று விட்டுவிட்டார்கள். அவனுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். நான் பூசி மெழுகமாட்டேன். "நான் ஒருநாள் போனை அணைச்சு வெச்சா ஊரே நாறிடும் தெரியுமா?" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொள்வான்.

ஆகக்கூடி, பெட்டி நாலு பேரைக் கூப்பிடுவதாக நினைத்துக்கொண்டு ஒருவனையே நாலு முறை கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் குளிக்கப் போயிருப்பான். போன் அடித்து ஓயும். உடனே மறுபடி அடிக்கும். ஓயும். தலையைத் துவட்டிக்கொண்டே ஓடிவந்து எடுத்து ஒன்பதை அழுத்திவிட்டு, "இந்தத் தடவை கண்ணாடி எடுத்துட்டாரு" என்பான். நாலாவது முறையில் எடுத்தால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "இன்னிக்கு நான் சூப்பர்வைசர். மரியாதையாப் பேசுங்க" என்பான். வீட்டில் எல்லோரும் சிரிப்போம். சிரித்தோமே என்று இப்போது வயிறு எரிகிறது.

"ஏண்ணே, மூணு பேரு பாரத்தையும் நீ ஒருத்தனே சுமக்கணும்னு தலையெழுத்தா?" என்று கேட்பேன்.

"விடும்மா. நாளைக்கே நமக்கு ஒண்ணுன்னா நாலு பேரு வேண்டாமா?" என்பான்.

தூக்கம் அவனை விட்டுப் போனது அப்படித்தான். பகலில் வேலை, இரவில் மூத்தாள். உட்கார்ந்த இடத்தில் கண் செருகும். என் கடைக்கு வந்தால் தையல் இயந்திரச் சத்தத்திலேயே சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவான். ஒருநாள் காலையில் நிலையத்திலிருந்து திரும்பும்போது, வண்டியை ஓட்டிக்கொண்டே கண்ணயர்ந்து, ஓரமாக நின்றிருந்த லாரியின் பின்னால் போய் மோதினான். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள காறை எலும்பு முறிந்தது. வலது கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நாங்கள் அலறியடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது அவன் இடது கையால் தலையணைக்கடியில் துழாவிக்கொண்டிருந்தான். போன் அடித்துக்கொண்டிருந்தது. எடுத்து ஒன்பதை அழுத்திவிட்டு, யாரையோ கூப்பிட்டு, "கொஞ்சம் போய்ப் பாக்கறியா, நான் படுத்துக் கிடக்கறேன்" என்று கெஞ்சினான்.

டாக்டர் அண்ணியைத் தனியாக அழைத்துச் சொன்னார். "எலும்பு கூடிடும். இப்படித் தூங்காம இருந்தா அடுத்த தடவை இங்க கொண்டுவர வேண்டிய அவசியம் இருக்காது."

அண்ணி எதையும் அழுது சொல்கிறவள் இல்லை. அன்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவன் முகத்தைப் பார்க்காமல் போர்வையைச் சரிசெய்துகொண்டே பேசினாள். "மூணு பேரும் அவங்கவங்க நம்பரை எடுத்துக்கட்டும். நீங்க முதல் ஆளா மட்டும் இருங்க, நான் வேண்டாங்கல. இல்லேன்னா பொண்ணைக் கூட்டிட்டு எங்கம்மா வீட்டுக்குப் போயிடறேன். உங்களை யாராச்சும் ஒருநாள் துணியில சுத்திக் கொண்டுவர்றதை வாசல்ல நின்னு பாக்க என்னால ஆகாது."

"மாத்திடறேன்" என்றான் அண்ணன். சத்தியமாக மாற்றிவிடுகிறேன் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். அப்போது அவன் மனசாரச் சொன்னான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இங்கேதான் நான் அவனை மன்னிக்கவே மாட்டேன் என்கிற இடம் வருகிறது. பாஸ்வேர்டு அவனிடம் இருக்கிறது. பெட்டி அவன் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறது. மூன்று பேரின் எண்ணும் அவனுக்கு மனப்பாடம். போய் அழுத்தி மாற்றிவிட்டு வந்தால் தீர்ந்தது, தேநீர் ஆறுகிற நேரம்கூட ஆகாது. அதை விட்டுவிட்டு, எலும்பு கூடி வேலைக்குத் திரும்பியதும் ஒவ்வொருவரிடமாகப் போய் அனுமதி கேட்டான்.

எலக்ட்ரீஷியன், "பண்ணிடலாம்ணே" என்றார். கல்லுளிமங்கன். என்றைக்கு என்று மட்டும் சொல்லவில்லை. கண்ணாடி, "என் பொண்ணுக்குப் பரீட்சை நடக்குது, முடியட்டுமே" என்றார். சூப்பர்வைசர் பெருந்தன்மையாக, "அடுத்த மாசம் ஒண்ணாந்தேதியிலேருந்து மாத்திக்கலாம். மாசத்துக்கு நடுவுல எதுக்குக் குழப்பம்?" என்றார். போன் எண்ணுக்கும் மாதப் பிறப்புக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். கேட்க வேண்டியவன் கேட்கவில்லை.

"நீயே போய் மாத்திடேன். அவங்க என்ன உன்னைக் கடிச்சுத் தின்னுடுவாங்களா?"

"அதெப்படிம்மா? சொல்லாம மாத்துனா நல்லா இருக்குமா? மறுநாள் அவங்க மூஞ்சியில எப்படி முழிக்கறது?"

"அவங்க உன் மூஞ்சியில முழிக்கறாங்களே, அவங்களுக்குக் கூச்சம் இருக்கா?"

"ஒண்ணாந்தேதிதான் வரப்போகுதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். முகதாட்சண்யம். எங்கள் வீட்டில் அந்த ஒரு வியாதிக்குத்தான் மருந்து கிடைக்கவில்லை. அண்ணியும் ஒன்றாம் தேதி வரை பார்க்கலாம் என்று அம்மா வீட்டுக்குப் போகக் கட்டி வைத்திருந்த துணிமூட்டையை அவிழ்த்தாள்.

ஒன்றாம் தேதி வருவதற்கு முன் ஒரு விடுமுறை நாளின் பிற்பகலில் போன் அடித்தது. அண்ணன் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தான். தட்டில் கை வைத்தவன் எழுந்தான். "மிதவையில துணி சிக்கியிருக்கும், எடுத்துவிட்டுட்டு வந்துடறேன். மூடி வை" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் படியிறங்கினான். கடை வாசலில் என்னைப் பார்த்து, அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்தாயா என்று கேட்டான். இன்னும் இல்லை என்றேன். "உனக்குக் கூலி குடுக்கறவங்க சட்டைன்னா தைச்சிருப்ப" என்று சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தான்.

தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்ட, தொட்டிக்குள் ஒரு மிதவை தொங்கும். கழிவோடு வரும் துணி அதில் சுற்றிக்கொண்டால் மோட்டார் ஓடாது. உள்ளே இறங்கித்தான் எடுக்க வேண்டும். இறங்கினால் மேலே ஒரு ஆள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும் என்பது விதி. அன்று அங்கே துணைக்கு வந்தவர் நிர்வாகத்தின் வண்டி டிரைவர் மட்டும்தான். அவரும் கயிறு இற்றுப்போயிருப்பதைப் பார்த்து, வேறு கயிறு எடுத்துவர அடுத்த நிலையத்துக்குப் போனார். விடுமுறை நாள், தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது, பக்கத்து வீடுகளுக்குள் புகுந்துவிடும். அண்ணன் காத்திருக்கவில்லை.

ஆனால் எதையும் மதிக்காமல் இறங்கினான் என்று சொல்லாதீர்கள். இறங்குகிறவன் இடுப்பில் மாட்டிக்கொள்ள ஒரு சின்னக் கருவி கொடுத்திருந்தார்கள். அவன் உள்ளே கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தால் அது சுவரிலுள்ள பெட்டிக்குச் சொல்லும். ஆள் விழுந்துவிட்டான் என்று பெட்டி நாலு பேருக்கும் போன் போடும். அந்தக் கருவியை அண்ணன் ஒழுங்காக மாட்டிக்கொண்டான். சட்டையைக் கழற்றி மேலே கம்பித் தடுப்பில் தொங்கவிட்டான். போன் நனையக்கூடாதே என்று அதைச் சட்டைப் பையிலேயே விட்டுவிட்டு இறங்கினான்.

உள்ளே விஷவாயு நின்றிருந்தது. அது லேசாக இருக்கும்போதுதான் அழுகிய முட்டை போல நாறும். அதிகமாகிவிட்டால் மூக்கு மரத்துப்போய் ஒன்றும் தெரியாது. அண்ணன் விழுந்தான். இடுப்புக் கருவி தன் வேலையைச் செய்தது. சுவர்ப்பெட்டியும் தன் வேலையைச் செய்தது. முதல் ஆளுக்கு அடித்தது. கம்பியில் தொங்கிய சட்டைக்குள் போன் ஒலித்து ஓய்ந்தது. இரண்டாவது ஆளுக்கு அடித்தது. அதே சட்டைக்குள் ஒலித்தது. மூன்றாவது ஆளுக்கு, நாலாவது ஆளுக்கு, மறுபடி முதல் ஆளுக்கு. அவன் உயிரைக் காப்பாற்ற வரச்சொல்லி அவனுக்கே அடித்துக்கொண்டிருந்தது.

நிலையத்து வாசலில், திருட்டுப் போகாமல் பார்க்க மட்டும் போட்டிருந்த காவல்காரர் இருந்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். விசாரணையில் கேட்டபோது ஒளிக்காமல் சொன்னார். "போன் சத்தம் கேட்டுச்சுங்க. அவரு போனு எப்பவும் அடிச்சுக்கிட்டேதானே இருக்கும்? எடுப்பாருன்னு இருந்துட்டேன்."

டிரைவர் கயிறோடு திரும்பிவந்து எட்டிப் பார்த்தபோது எல்லாம் முடிந்துவிட்டது.

இரண்டு மூச்சிலேயே நினைவு போயிருக்கும் என்று டாக்டர் சொன்னார். அப்படியே இருக்கட்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். நினைவு இருந்திருந்தால் அவன் அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பான். யாருக்கு அடிக்கிறது, யார் எடுக்கப்போவதில்லை என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அதைவிட எனக்குத் தாங்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அந்தக் கருவியை இடுப்பில் மாட்டும்போது ஒரு நொடியாவது அவனுக்கு அது தோன்றவில்லையா? அவன் கையால்தானே அந்த எண்களைப் போட்டான்? நாலு பேர் இருக்கிறார்கள் என்று அவனும் நம்பிவிட்டானா? துணியை வெட்டிக்கொண்டிருப்பேன், இந்த நினைப்பு வரும். கத்தரியைப் போட்டுவிட்டு, "பைத்தியக்காரா, பைத்தியக்காரா" என்று வாய்விட்டுத் திட்டுவேன். வாடிக்கையாளர்கள் பயந்துபோய் எழுந்து போயிருக்கிறார்கள்.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அண்ணி வரவில்லை. அவனைக் கொண்டுவந்து கிடத்திய நேரத்திலிருந்து அவள் பேசுவதையே நிறுத்திவிட்டாள். அதிகாரி ஒரு தாளைப் பார்த்துப் படித்தார். "பொறுப்பாளர்கள் நாலு பேருக்கும் முறைப்படி தகவல் போயிருக்கு. ஒருத்தரும் ஏத்துக்கலை. எலக்ட்ரீஷியன், நீங்க ஏன் போனை எடுக்கலை?"

"எனக்கு அடிக்கலைங்க."

"ஃபிட்டர்?"

"எனக்கும் அடிக்கலைங்க."

அதிகாரி தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். "இதென்ன, நாலும் ஒரே நம்பரா இருக்கு? யாரு இப்படிப் போட்டது?"

சூப்பர்வைசர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அவரேதான் போட்டாருங்க" என்றார்.

நான் எழுந்து நின்றேன். அங்கே இருந்தவர்கள் எல்லோரும் என் வாயைத்தான் பார்த்தார்கள். வாழ்நாள் முழுக்க யார் என்ன சொன்னாலும் பதிலுக்குப் பதில் கொடுத்தவள் நான். ஆனால் அவர் சொன்னது உண்மை. உண்மையைப் போன்ற கேடுகெட்ட சாமான் வேறில்லை. "கேட்டது நீங்க, போட்டது அவன்" என்று மட்டும் சொன்னேன். அதிகாரி அதை எழுதிக்கொள்ளவில்லை. நான் உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு சில நாள் கழித்து ஒரு முற்பகலில் மூன்று பேரும் சேர்ந்து வீட்டுக்கு வந்தார்கள். காவல் நிலையத்திலிருந்து வாங்கிய அண்ணனின் சாமான்களை ஒரு பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்திருந்தார்கள். கைக்கடிகாரம், வண்டிச் சாவி, அணைத்து வைத்த போன். அண்ணி சுவரோரமாக உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் மகள். அண்ணி எழுந்து பையை வாங்கி, போனை மட்டும் எடுத்து, ஜன்னலோரத்தில் எப்போதும் சார்ஜ் போடுகிற இடத்தில் செருகி உயிர்ப்பித்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் தினமும் செய்த வேலை. கை தானாகச் செய்தது.

கண்ணாடி அழுதார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுகிற கதை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் அழுதது பொய்யில்லை. நெஞ்சு குலுங்க அழுதார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. இந்த ஈரத்தை உயிரோடு இருந்தவனிடம் காட்டியிருக்கக் கூடாதா?

"இப்ப யாரு நம்பரைப் போட்டிருக்கீங்க?" என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன்.

அவர் கைக்குட்டையை எடுத்து முகம் துடைத்தார். "இன்னும் மாத்தலைம்மா. பாஸ்வேர்டு அவருக்குத்தான் தெரியும். கம்பெனியிலேருந்து ஆள் வரணும். அதுவரைக்கும் நாங்களே அப்பப்ப போய் எட்டிப் பாக்கறோம்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் போன் அடித்தது.

நான் போய்ச் சார்ஜர் கம்பியிலிருந்து அதைப் பிடுங்கிக் கொண்டுவந்து, அவர்கள் மூவருக்கும் நடுவில் இருந்த மேசைமேல் வைத்தேன். திரையில் நிலையத்தின் பெயர் தெரிந்தது.

"இது எங்கண்ணனுக்கு. அவன் இல்லை" என்றேன். அடித்து ஓய்ந்தது.

மறுபடி அடித்தது. போனை எலக்ட்ரீஷியன் பக்கமாகத் தள்ளினேன். "ரெண்டாவது ஆளு நீங்க. எடுங்க." அவர் அதைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார். கை நீளவில்லை. ஓய்ந்தது.

மறுபடி அடித்தது. "கண்ணாடியண்ணே, உங்களுக்கு." அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். ஓய்ந்தது.

நாலாவது முறை அடித்தபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. சூப்பர்வைசரைப் பார்த்தேன். அவர் எடுத்துக் காதில் வைத்தார். மூத்தாளின் குரல் எங்கள் எல்லோருக்குமே கேட்டது. தண்ணீர் ஏறுகிறது என்று இரண்டு முறை சொன்னாள். சொல்லிவிட்டுக் காத்திருந்தாள். சூப்பர்வைசர் போனைக் காதிலிருந்து எடுத்துக் கட்டைவிரலைத் திரைமேல் வைத்துக்கொண்டு எலக்ட்ரீஷியனைப் பார்த்தார். எலக்ட்ரீஷியன் கண்ணாடியைப் பார்த்தார்.

"எதை அமுக்கணும்?" என்று சூப்பர்வைசர் என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரியும். ஆனால் சொல்ல வாய் வரவில்லை. இன்னும் கொஞ்சம் தாமதித்தால் பெட்டி மறுபடி முதல் ஆளிலிருந்து தொடங்கிவிடும், மறுபடி என் அண்ணனைக் கூப்பிடும்.

"ஒன்பது" என்றாள் அண்ணி. அவனைக் கொண்டுவந்த நாளிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை.

அவர் அழுத்தினார். குரல் நின்றது. "அப்பாடா" என்று மூச்சுவிட்டு, போனை மேசைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். மற்ற இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து வாசல் கதவைத் திறந்தாள்.

"அமுக்கினா போகணும்" என்றாள்.